ஹார்ட் டிஸ்க் கொடுத்த வாய்தா

காலை ஆறரை மணிக்கு லாப்டாப்பின் பொத்தானை அழுத்திவிட்டு அந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பால் வாங்கக் கிளம்புவார். ஏர்பேடு கடைத்தெரு வரை நடந்து, பால் வாங்கி, தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால் இரண்டு வார்த்தை பேசித் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். காபி குடித்து முடித்தபின் ஒருவழியாக முகப்புத் திரை வரும். அப்போதும் எதையும் தொட முடியாது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் அரை நிமிடம் மௌனம் சாதிக்கும்.

2019 மே மாதம். லாப்டாப் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிராவிடன்ட் பண்டிலிருந்து எடுத்துக்கொடுத்த பணம் என்பதால் மனைவிக்குத்தான் ஆத்திரம் அதிகம். “பழசு பத்து வருஷம் ஓடுச்சு. அதைப் போய் இரும்புக்காரன்கிட்ட போட்டீங்களே” என்றார். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றியாகிவிட்டது என்ற நிம்மதியில்தான் ஆசிரியர் அதைப் போட்டார். மாற்றுவது வேறு, பிரதி எடுப்பது வேறு. தமிழில் முதுகலை படித்தவருக்கு இந்தச் சொல்வேற்றுமை தெரியாமல் போனது விசித்திரம்தான்.

உள்ளே இருந்தவை கல்யாணப் போட்டோக்கள் என்றால் இவ்வளவு கவலை இருந்திருக்காது. சொந்தக்காரர்கள் யாரிடமாவது ஒரு பிரதி கிடைக்கும். ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் ஏர்பேடு, காளத்தி, ரேணிகுண்டா சுற்றுவட்டாரக் கிராமங்களில் அலைந்து வயதானவர்களின் பேச்சைப் பதிவு செய்திருந்தார். சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தபின் பள்ளிக்கூடமும் அலுவலகமும் தெலுங்காயின. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. இந்தப் பக்கம் இங்கேயே தங்கியது. வீட்டுக்குள்ளும் வயலிலும் தமிழ் பேசி வளர்ந்த கடைசித் தலைமுறை எண்பதைத் தாண்டிவிட்டது. வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கும் அவர்களுடைய பேச்சிலிருந்து ஒரு சொல்லகராதி தொகுப்பது அவருடைய திட்டம். சுமார் 60 மணி நேர ஒலிப்பதிவு. பேசியவர்களில் நால்வர் இப்போது உயிரோடு இல்லை.

அந்த வட்டாரத்தில் தமிழ் கல்லிலும் இருக்கிறது. ஏர்பேடு மண்டலத்தைச் சேர்ந்த குடிமல்லத்தில், இந்தியாவின் மிகப் பழைய லிங்கங்களில் ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதும் சிவலிங்கம் இருக்கிறது. அந்தக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகள் தமிழ். ஊர்ப்பெயர் திருவிப்பிரம்பேடு என்று அவற்றில் காண்கிறது. கோயம்பேடு, ஏர்பேடு, திருவிப்பிரம்பேடு என்று வரிசையாகச் சொல்லிப் பார்ப்பது ஆசிரியருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பல்லவர் கால எழுத்து ஆயிரம் வருடம் தாண்டியும் படிக்கக் கிடைக்கிறது. தன் பதிவு ஒரு கோடையைத் தாண்டுமா என்று அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

நோய்க்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். வைரஸ் என்றார் மகன். ரேம் போதாது என்றார் பக்கத்து வீட்டு வங்கி ஊழியர். வாங்கிய கடையில் போனிலேயே வைத்தியம் சொன்னார்கள்: “செக் டிஸ்க் ஓட்டுங்க சார், சரியாயிடும். ஆகலேன்னா கொண்டாங்க, பார்மட் அடிச்சுத் தர்றோம்.” செக் டிஸ்க் ஓர் இரவு முழுவதும் ஓடியது. விடிந்தபோது பாதிகூட முடியவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி இயக்கியபோது முன்னைவிட மோசம்.

வைத்தியர் கடைசியில் ஊருக்குள்ளேயே கிடைத்தார். 2015இல் திருப்பதியில் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிலையமும் ஏர்பேட்டை நிரந்தர இடமாகக் கொண்டபின், டீக்கடைகளில் இந்தியாவின் எல்லா மொழிகளும் கேட்கத் தொடங்கியிருந்தன. அப்படி ஒரு கடையில் அறிமுகமான திருநெல்வேலி மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். வைரஸைத் தேடவில்லை. மெமரியைப் பார்க்கவில்லை. விண்டோஸ் தனக்குள் எழுதிவைக்கும் நிகழ்ச்சிப் பதிவேட்டைத் திறந்தார். அதில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: 7 என்ற எண்ணோடு ஒரு வரி, 153 என்ற எண்ணோடு ஒரு வரி. முதலாவதற்குப் பொருள், டிஸ்க்கில் ஓரிடம் கெட்டிருக்கிறது. இரண்டாவதற்குப் பொருள், கேட்டது கிடைக்காததால் மறுபடி கேட்கப்பட்டது. மாணவர் பிறகு ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கைப் பார்த்தார். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள் என்ற பத்தியில் ஓர் எண். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அது கூடியிருந்தது.

“சார், இதை ஆப் பண்ணிருவோம். இனி நான் சொல்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க.”

“ரிப்பேர் பண்ண முடியாதா தம்பி?”

“ரிப்பேர் அப்புறம். முதல்ல உள்ள இருக்கறதை வெளிய எடுக்கணும்.”

டிஸ்க் கெட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஏன் மெதுவாகிறது? அந்த லாப்டாப்பில் இருந்தது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க். அதாவது விநாடிக்கு 90 சுற்று. ஆரோக்கியமான டிஸ்க் வெவ்வேறு இடங்களில் உள்ள விஷயங்களை விநாடிக்கு ஐம்பது, அறுபது தடவை எட்டிப் பார்த்து வாசித்துவிடும். தகவல் செக்டார் என்ற சிறு கட்டங்களில் பதிவாகிறது. ஒவ்வொரு கட்டத்தின் கூடவே பிழை திருத்தும் குறியீடும் உண்டு. சின்னச் சிதைவை அந்தக் குறியீட்டைக் கொண்டே டிஸ்க் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்கிறது. சிதைவு அதற்கும் மேலே போனால் அடுத்த சுற்றில் மறுபடி வாசித்துப் பார்க்கும். கிடைக்கவில்லையென்றால் தலையை இம்மி நகர்த்தி இன்னொரு தடவை. வீட்டு உபயோகத்துக்கான டிஸ்க்குகள் எளிதில் கைவிடுவதில்லை. ஒரே கட்டத்துக்காகப் பல விநாடிகள் போராடும். இருபது விநாடி என்று வைத்தால் 1,800 சுற்று. அதுவரை மற்ற எல்லாக் கோரிக்கைகளும் ரேஷன் கடை வரிசை மாதிரி பின்னால் நிற்கும். விண்டோஸோ சாதாரணமாக 60 விநாடி வரை பொறுமையாகக் காத்திருக்கும். கெட்ட கட்டங்கள் நூறு இருந்தால் போதும், காலை நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

ஆக, ஆசிரியர் திட்டித் தீர்த்த அந்த அரை நிமிட மௌனத்தில், அவர் எழுதிய ஒரு வரியையோ யாரோ ஒரு கிழவரின் குரலையோ விட்டுவிடக் கூடாது என்று டிஸ்க் தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் நன்றி சொல்ல வேண்டிய இடம்.

எல்லா மந்தமும் இந்த நோயல்ல என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வேறொரு கூத்து நடந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே ஆறு தடவை பிழை நேர்ந்தால், விண்டோஸ் அந்த டிஸ்க்கின் வேகத்தை ஒரு படி குறைத்துவிடும். இன்னும் ஆறு பிழை, இன்னொரு படி. கடைசியில் பி.ஐ.ஓ. என்ற பழைய முறைக்குத் தள்ளிவிடும். விநாடிக்கு 100 மெகாபைட் அனுமதிக்கும் பாதையிலிருந்து 16 மெகாபைட் பாதைக்கு. தகவலை அள்ளும் வேலையையும் பிராசஸரே செய்ய வேண்டியிருந்ததால் மொத்த இயந்திரமும் திணறும். காரணமான கேபிளை மாற்றினாலும் பதவியிறக்கம் ரத்தாகாது. அரசாங்க உத்தரவு மாதிரி அது கோப்பில் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனலையே நீக்கிவிட்டு மறுபடி இயக்கினால் விண்டோஸ் பழையதை மறந்து முதல் வேகத்தைத் திருப்பித் தரும். இந்த ஒரு சூட்சுமம் தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கியெறிந்தவர்கள் உண்டு. இன்றைய சாட்டா டிஸ்க்குகளிலும் பாதையில் பிழை வந்தால் வேகம் இறங்கும் வழக்கம் இருக்கிறது. வெளியே இரண்டுக்கும் ஒரே காய்ச்சல்தான். ஸ்மார்ட் கணக்கில் பாதைப் பிழைகளுக்குத் தனிப் பத்தி உண்டு. ஆசிரியரின் டிஸ்க்கில் அது பூஜ்யம். கேபிள்மேல் பழி போட வழியில்லை.

புதிய டிஸ்க் ஏன் கெட்டது? தகட்டுக்கும் வாசிக்கும் தலைக்கும் இடையே சில நானோமீட்டர்தான் இடைவெளி. ஒரு தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். ஆசிரியர் லாப்டாப்பை மூடியதும் அது தூங்கிவிட்டதாக நம்பி, பல நாள் ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக் கிராமச் சாலைகளில் போயிருக்கிறார். மூடியபின்னும் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தால் ஒரு பள்ளம் போதும். அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. தொழிற்சாலையிலிருந்தே சவலையாக வரும் டிஸ்க்குகளும் உண்டு. மே மாத ஆந்திர வெயிலை எல்லோரும் குற்றம் சொன்னார்கள். வெயிலுக்கு அவ்வளவு பங்கில்லை என்றே தோன்றுகிறது. தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகிள் 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எல்லோரும் எதிர்பார்த்த அளவுக்கு வெப்பத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு அதில் தென்படவில்லை.

அதே அறிக்கையில் இன்னொரு செய்திதான் முக்கியம். மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழையைக் காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். பழுதான டிஸ்க்குகளில் 36 சதவிகிதம் எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் தராமலே போய்விட்டன. அதே ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும், தயாரிப்பாளர்கள் பத்து லட்சம் மணி நேர ஆயுள் என்று அச்சிடும் டிஸ்க்குகளை ஆராய்ந்தார்கள். அந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு சதவிகிதத்துக்கும் குறைவாகவே கெட வேண்டும். நடைமுறையில் 2 முதல் 4 சதவிகிதம் மாற்றப்படுவது சகஜமாக இருந்தது. சில இடங்களில் 13 வரை போனது. இவையெல்லாம் பெரிய கணினிக் கூடங்களின் கணக்கு. ஸ்கூட்டரில் போகும் டிஸ்க்குக்கு இதைவிடச் சலுகை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு சொல்லாமல் கொள்ளாமல் போகும்போது, பிழையைக் காட்டி மெதுவாகி நிற்கும் டிஸ்க் வாய்தா கொடுத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வாய்தா எத்தனை நாள் என்பதை மட்டும் சொல்லாது.

அந்த வாய்தாவைத்தான் செக் டிஸ்க்கும் பார்மட்டும் வீணடிக்கின்றன. செக் டிஸ்க்கின் கவலை கோப்புகளின் அட்டவணை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது; அதற்காக அரைகுறைக் கோப்பைத் துண்டுதுண்டாக்கி ஓரம் கட்டவும் தயங்காது. முழுச் சோதனை என்றால் நோயாளி டிஸ்க்கை ஒரு மூலை விடாமல் துருவும். கடைக்காரர்கள் பார்மட் மேல் ஏன் இவ்வளவு பக்தி வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. படிக்க முடியாத கட்டத்தின்மேல் புதிதாக எழுதச் சொன்னால், டிஸ்க் தன்னிடம் உள்ள உபரிக் கட்டம் ஒன்றை அதற்குப் பதிலாக வைத்துக்கொண்டு நிலுவைக் கணக்கை முடித்துவிடும். முழு பார்மட் மொத்த டிஸ்க்கிலும் பூஜ்யங்களை எழுதுவதால் நிலுவையெல்லாம் ஒரே இரவில் தீர்ந்துபோகும். மறுநாள் லாப்டாப் குதிரை மாதிரி ஓடும். வாடிக்கையாளர் காசு கொடுத்து, கும்பிட்டுவிட்டுப் போவார். இரண்டு மாதம் கழித்து மறுபடி மெதுவாகும்போது, “மறுபடி வைரஸ் ஏத்திட்டீங்களா சார்?” என்று கேட்கலாம். டிஸ்க் நலமடைந்தது என்பது பொய். அதற்குள் இருந்தது போனது என்பது மட்டும் நிஜம்.

வாரண்டியும் இந்த விஷயத்தில் கை கொடுக்காது. கடையில் டிஸ்க்கை இலவசமாக மாற்றித்தரத் தயாராகவே இருந்தார்கள். ஆனால் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை. எல்லா வாரண்டித் தாளிலும் சின்ன எழுத்தில் இருக்கும் வாசகம்தான் இது. இரும்புக்குத்தான் உத்தரவாதம், குரலுக்கு இல்லை. டிஸ்க்கை பாலிதீன் பையில் சுற்றி பிரிஜ்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒரு நண்பர் சொன்னார். மாணவர் சிரிக்கவில்லை, மறுத்துவிட்டார். வெளியே எடுத்ததும் ஈரம் கோக்கும். தகட்டில் அந்த ஈரம் படிந்தால் உள்ளதும் போச்சு.

திருப்பதியிலிருந்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வந்தது. மாணவர் பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினார். நோயாளி டிஸ்க்கில் விண்டோஸின் கையே படக் கூடாது என்பது அவருடைய கட்சி. பிறகு ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் இந்த மென்பொருளின் யுக்தி, தீப்பிடித்த வீட்டில் நுழைகிறவனின் யுக்தி. கைக்கு எட்டுவதை முதலில் வெளியே வீசு. பூட்டிய அறையோடு அப்புறம் மல்லுக்கட்டலாம். நல்ல பகுதிகளை முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, சிக்கல் வரும் இடங்களைக் குறித்துவைத்துத் தாண்டிப்போகும். அடுத்த சுற்றுகளில் அந்த இடங்களின் ஓரங்களைக் கொறித்துக்கொண்டே உள்ளே போகும். எது கிடைத்தது, எது பாக்கி என்று தனியாக ஒரு வரைபடம் வைத்திருப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏர்பேட்டில் அந்த இரண்டு இரவுகளில் கரண்ட் மூன்று தடவை போனது.

நல்ல டிஸ்க்கில் 40 ஜிபி ஒலிப்பதிவைப் பிரதி எடுக்கப் பத்து நிமிடம் போதும். இங்கே ஆசிரியர் பாயை ஹாலுக்குக் கொண்டுவந்து லாப்டாப் பக்கத்திலேயே படுத்தார். மின்விசிறியை மனிதர்கள் பக்கமிருந்து லாப்டாப் பக்கம் திருப்பி வைத்தார் மனைவி. நள்ளிரவில் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் காலை மாணவர் வந்து பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது. வராமல் போனவற்றில் பெரும்பகுதி விண்டோஸின் சொந்தக் கோப்புகள். அவற்றுக்காக யாரும் அழப்போவதில்லை. சொல்லகராதி முழுசாக இருந்தது. 60 மணி நேரப் பதிவில் ஒரே ஒரு கோப்பில் ஓட்டை.

ஒரு கட்டம் என்பது 4,096 பைட். சுருக்காமல் பதிவு செய்த ஸ்டீரியோ ஒலியில் அது விநாடியில் 43இல் ஒரு பங்கு, காதில் விழாது. ஆனால் கெட்ட கட்டங்கள் சேர்ந்தே இருப்பது வழக்கம். சுமார் 300 கட்டங்கள் ஒரே இடத்தில் போயிருந்தன. ஏழு விநாடி.

களத்தில் நெல் அளந்து பழகிய ஒரு கிழவரின் பதிவு அது. மரக்கால் எண்ணும்போது ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவது தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வழக்கம். எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டதற்குக் கிழவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே லாபம், ரெண்டு, மூணு என்று இருபது வரை எண்ணிக் காட்டினார். தொடங்கியது தமிழில், முடித்தது தெலுங்கில். ஆசிரியரின் நோட்டுப் புத்தகத்தில், ‘லாபத்தில் தொடங்கி இருபது வரை, நடுவில் மொழி மாறுகிறது’ என்று மட்டும் இருக்கிறது. எந்த எண்ணில் மாறுகிறது என்பதைப் பதிவைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். பதிவில் ஆறு தமிழில் கேட்கிறது. அதன்பின் மௌனம். மறுபடி குரல் வரும்போது கிழவர் பதினொன்றில் இருக்கிறார், தெலுங்கில். கிழவர் அந்த வருடம் தை மாதமே இறந்துவிட்டார்.

லாப்டாப் வாரண்டியில் போய்ப் புது டிஸ்க்கோடு திரும்பியது. பழையதைத் தர மாட்டேன் என்று ஆசிரியர் கடையில் சண்டை போட்டுப் பார்த்தார்; நடக்கவில்லை. வேகம் வேண்டும் என்று ஒரு வருடம் கழித்து எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டார். இப்போது பால் வாங்கக் கிளம்புமுன் திரை வந்துவிடுகிறது. எஸ்.எஸ்.டி. டிக் டிக் என்றுகூடச் சொல்லாமல் போகக்கூடியது என்று மாணவர் எச்சரித்ததால் பதிவுகள் மூன்று பிரதியாயின. ஒன்று லாப்டாப்பில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று அரக்கோணத்தில் மகள் வீட்டு பீரோவில். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்ற இந்தக் கணக்கைப் பிரபலமாக்கியவர் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். ஆசிரியர் வீட்டில் அதற்கு ‘அரக்கோணம் பாலிசி’ என்று பெயர். 2022 ஏப்ரலில் ஏர்பேடு புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனபோது, பதிவுகளின் மேலே எழுதியிருந்த மாவட்டப் பெயரைத் திருத்துவதா விடுவதா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, சித்தூர் என்றே விட்டுவிட்டார்.

அந்த ஏழு விநாடியை அவர் வெட்டி ஒட்டவில்லை. வெட்டினால் ஆறுக்குப் பின் பதினொன்று வரும், கிழவருக்கு எண்ணத் தெரியாது என்று ஆகிவிடும் என்கிறார். ஸ்கூட்டரில் அந்தக் கிராமத்துக்கு மறுபடி போனார், இந்த முறை லாப்டாப் இல்லாமல், சின்ன ரிக்கார்டரோடு. கிழவரின் மகனுக்கும் அறுபதைத் தாண்டிய வயது. அப்பா எண்ணுவது போல எண்ணிக் காட்டுங்கள் என்று கேட்டார். மகன் திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு லாபம் என்று தொடங்கினார். இருபது வரை எண்ணினார். முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை தெலுங்கு. அதையும் பதிவு செய்து, தனிக் கோப்பாகத் தேதி போட்டு வைத்திருக்கிறார்.